டிரெடிஷனோடு எந்த வினைச்சொல் சேரும்?

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். இன்னும் 12 நாளில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் ஸ்பீக்கிங் (பேச்சுத்) தேர்வு. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டிய பகுதிக்கு எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைத் தயார் செய்தேன், ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

மாசி மகத்தன்று விடிவதற்குள் ஆத்தா புளிச்சோறு கட்டி, வாழையிலையில் மடித்து, எல்லோரையும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போவார், தீர்த்தவாரி பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் போனபிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாகவே விட்டுப்போய்விட்டது.

'பாஸ் டவுன்', 'கீப் அலைவ்', 'அப்ஹோல்ட்', 'ஏஜ்-ஓல்ட் டிரெடிஷன்' எல்லாம் வாயில் வந்துவிட்டன. இந்த 'விட்டுப்போச்சு'தான் வரவில்லை. மொழிபெயர்ப்புச் செயலி 'பிரேக்' என்றது, அது நாங்களே மீறினதுபோல இருக்கிறது. 'பிரேக் வித் டிரெடிஷன்' என்றால் வேண்டுமென்றே விலகுவது என்று அகராதியில் பார்த்தேன், அதுவும் இல்லை. 'டை அவுட்' சொன்னால் திருவிழாவே அழிந்த மாதிரி ஆகிவிடும், மாசி மகத்துக்கு இன்றைக்கும் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. பயிற்சி வகுப்பில் கேட்டேன், 'ஸ்டாப்' போதும் என்றார்கள். அப்புறம் ஆத்தாவைப் பற்றிச் சொல்வதில் பாதி போய்விடுகிறதே.

ஒரு குடும்பத்தில் மட்டும், யாரும் நினைக்காமலே விட்டுப்போன வழக்கத்தைச் சொல்ல, 'டிரெடிஷன்' என்ற சொல்லோடு ஆங்கிலத்தில் இயல்பாகச் சேரும் வினைச்சொல் எது?