ஈரத்தில் ஓட்டலாமா, கழுவித்தான் ஓட்டணுமா? (எல்பி இசைத்தட்டின் சடசடப்பு)

ஊசிமுனை:
தட்டின் மேல் டிஸ்டில்டு வாட்டரை மெல்லிசாகப் பரப்பிவிட்டு ஊசியை வையுங்கள். சடசடப்பு உடனே அடங்கும், ஸ்டாட்டிக்கும் (தட்டில் தேங்கும் நிலைமின்சாரம்) ஒழியும். இதற்குப் போய் கழுவும் மெஷின், கெமிக்கல் எல்லாம் எதற்கு?

சுழல்மேடை:
அடங்கும், மறுக்கவில்லை. காய்ந்த பிறகு? ஊசி கிளறிய தூசி தண்ணீரில் குழைந்து இசை பதிந்திருக்கும் பள்ளத்தின் அடியில் சேறாகப் படியும். அடுத்த முறை உலர்வாக ஓட்டினால் முன்னைவிட மோசம். பிறகு அந்தத் தட்டை எப்போதும் நனைத்தே ஓட்ட வேண்டியதுதான்.

கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. லேபிளில் படாமல் ஊற்றி, பள்ளம் ஓடும் திசையிலேயே பிரஷ் செய்து, வேக்யூமில் உறிஞ்ச வேண்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல். பலர் கோட்டை விடுவது இந்த அலசலில்தான்: சோப்பு தங்கி, ஊசியின் நுனியில் வெள்ளைப் பிசிறாக வந்து ஒட்டும்.

எழுபத்தெட்டு:
இந்தக் கலவையை 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஊற்றிவிடாதீர்கள்! அது ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அதற்கு ஊசியும் வேறு, சுமார் 75 மைக்ரான். எல்பியின் 18 மைக்ரான் ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும்.

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: அது என்ன சத்தம்? நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்பி வேகத்தில் சரியாக 1.8 நொடிக்கு ஒரு 'டிக்' என்றால் குறுக்குக் கீறல். எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் தூசி அல்லது ஸ்டாட்டிக். மோனோ (ஒற்றைத் தட ஒலி) தட்டாக இருந்தால் ஆம்பிளிஃபயரில் மோனோ சுவிட்சைப் போடுங்கள். ஊசியின் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் அதிலேயே அடிபட்டுப்போகும்.

ஊசிமுனை:
சரி, கேபிளைப் பார்த்தீர்களா? ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் தலை) கேட்பது 100 முதல் 200 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கத் திறன்). கேபிளில் 150, ப்ரீஆம்பில் (ஊசியின் சிக்னலை முதலில் பெருக்கும் கருவி) 220 என்றால் மொத்தம் 370. டிரெபிள் புடைத்து, சின்ன டிக்கும் சுரீரென்று குத்தும். பழி தட்டின் மேல்!

சுழல்மேடை:
அதில் சண்டையில்லை. ஈரத்தில்தான்.

ஊசிமுனை:
கழுவியும் அடங்காத தட்டை டிஜிட்டலில் ஏற்ற ஒரே ஒரு முறை நனைத்தால்கூடவா?

சுழல்மேடை:
ஒரே முறை என்றால் ஓட்டுங்கள். ஆனால் தட்டு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஊசியையும் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடையுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டான கான்டிலீவர் வளைந்துவிடும்.