பெய்ஹோங் கையெழுத்திட்ட குதிரை: தூரிகையா, மர அச்சா?

சிங்கப்பூரில் வசிக்கிறேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி 1984இல் அப்பாவுக்குக் கொடுத்த சுருள் ஓவியம் எங்களிடம் இருக்கிறது. பாயும் ஒற்றைக் குதிரை. காகிதத்தில் கறுப்பு மை. 68 × 34 செ.மீ. இடது ஓரத்தில் "பெய்ஹோங்" என்ற சீனக் கையெழுத்து, அதன் கீழே சிவப்பு முத்திரை. குதிரை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சீன ஓவியர் சூ பெய்ஹோங் (1895–1953) போர்க்கால நிவாரண நிதிக்காக இங்கே கண்காட்சி நடத்தியவர். அதனால்தான் இதை எளிதில் ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். இயந்திர அச்சில் தெரியும் புள்ளிகள் இல்லை. ஆனால் பெய்ஜிங்கின் ரோங்பாவோசாய் நிறுவனத்து மரக்கட்டை அச்சுப் பிரதிகளிலும் புள்ளிகள் இருக்காது, மையும் தாளில் ஊறியே இருக்கும். புற ஊதா விளக்கில் ஓவியத்தாள் மங்கலாகவே தெரிகிறது. சுற்றியுள்ள ஒட்டுத்தாள் மட்டும் நீலமாக ஒளிர்கிறது. அப்படி ஒளிர்வது வெண்மையூட்டி சேர்த்த பிற்காலத் தாள் என்பதால், பின்னாளில் மறுபடி ஒட்டியிருக்கலாம். கையெழுத்தை அருங்காட்சியகப் படங்களோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போகிறது. போலி செய்பவர் முதலில் பழகுவதும் கையெழுத்தைத்தான் என்பதால் அதை நான் பெரிதாக நம்பவில்லை. ஓர் ஏல நிறுவனம் நிழற்படத்தை வைத்துக் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது.

ஒட்டுத்தாளைப் பிரிக்காமல், பிடரியிலும் வாலிலும் உள்ள உலர்தூரிகைக் கோடுகளில் (மை குறைந்த தூரிகையால் இழுத்தவை, இடையிடையே தாள் தெரியும்) எதைக் கவனித்தால் இது கையால் தீட்டியதா, மரக்கட்டை அச்சா என்று உறுதியாகச் சொல்ல முடியும்?