1946-இல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவரின் கோப்பு: “தீயில் எரிந்திருக்கலாம்” என்று பதில் வந்தால்?

கேள்வி – கோப்புத்தேடி

என் மனைவியின் அம்மாவழித் தாத்தா அமெரிக்கர், பிலடெல்ஃபியாக்காரர். 1943 முதல் 1946 வரை அமெரிக்கத் தரைப்படையில் இருந்தார். அதற்கு முன் அங்குள்ள கடற்படைத் தளத்தில் சிவில் ஊழியர். செயின்ட் லூயிஸிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதி டிடி-214 (படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று) கேட்டோம். 1973 தீயில் கோப்பு அழிந்திருக்கலாம் என்ற பதிலும், 13075 என்ற படிவமும் வந்தன. கதை இதோடு முடிந்ததா? பேத்தி கேட்டால் தருவார்களா?

பதில் 1 – பழையதாள்

முடியல. முதல்ல, கேட்ட தாளே தப்பு. டிடி-214 வந்ததே 1950-லதான். 1946-ல வெளிய வந்த சிப்பாய்க்குக் கொடுத்தது டபிள்யூடி ஏஜிஓ 53-55. அதிகாரியா இருந்திருந்தா 53-98. கோரிக்கைப் படிவத்துல “பணி விடுவிப்பு ஆவணமும் முழுப் பணியாளர் கோப்பும்” வேணும்னு எழுதுங்க. ஒரு தாளை மட்டும் கேட்டா அதை மட்டும்தான் தேடுவாங்க.

பேத்தி விஷயம்: நெருங்கிய உறவினர் பட்டியல்ல மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவங்க மட்டும்தான், பேரப்பிள்ளைகள் கிடையாது. ஆனா உங்களுக்கு அது தடையே இல்லை. படையை விட்டு 62 வருஷம் ஆனா கோப்பு ஆவணக்காப்பகத்தோட சொத்து, யார் வேணும்னாலும் கேட்கலாம். 1946-ஓட 62 கூட்டினா 2008. அன்னிக்கே திறந்தாச்சு. கட்டணம் மட்டும் உண்டு: 5 பக்கம் வரை 25 டாலர், 6 பக்கமோ அதுக்கு மேலயோ போனா 70 டாலர்.

தீயைப் பத்தி: 1973 ஜூலை 12, ஆறாவது மாடி. தண்ணி தெளிப்பானும் இல்லை, தடுப்புச் சுவரும் இல்லை. போனது 1.6 முதல் 1.8 கோடி கோப்பு. 1912 நவம்பர் 1-லேர்ந்து 1960 ஜனவரி 1 வரைக்கும் விடுவிக்கப்பட்ட தரைப்படையினர் கோப்புல 80 சதவீதம் காலி. விமானப்படையில 1947–64 காலத்துல “ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ.” என்ற பெயருக்கு அப்புறம் வர்ற அகரவரிசையில 75 சதவீதம் காலி. கடற்படையும் மரைனும் தப்பிச்சது. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. அதனாலதான் எது எரிஞ்சதுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல.

80 சதவீதம்னா மிச்சம் 20 இருக்கு. நனைஞ்ச தாள்களை விண்வெளிப் பயணச் சோதனைக்கு வச்சிருந்த வெற்றிட அறையில போட்டு உலர்த்தி மீட்டாங்க. அப்படி வந்ததுக்கு ‘பி’ கோப்புன்னு பேர். ஓரம் கருகி, பூஞ்சை பிடிச்சு இருக்கும். சுத்தம் பண்ணித்தான் நகல் எடுப்பாங்க, தாமதம் ஆகும்.

பதில் 2 – காலைஅறிக்கை

13075-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிற ஆவணங்களிலிருந்து கோப்பைத் திரட்டித் தருவதற்கான படிவம் அது. சேர்ந்தபோது இருந்த முகவரி, சேர்ந்த, விடுபட்ட தேதியும் இடமும், கடைசிப் படைப்பிரிவு, இவற்றைத் தெரிந்த அளவு நிரப்புங்கள். வெற்றிடமாக அனுப்பினால் தேட அவர்களுக்குப் பிடி எதுவும் இராது.

அவர்களுக்கு முதலில் கைகொடுப்பது இறுதிச் சம்பளச் சீட்டு. அது கிடைத்தால் பணிச் சான்றிதழ் தருவார்கள். ஆனால் பதக்கம், போர்க்களம் பற்றி அதில் இருக்காது.

அதற்கு ‘மார்னிங் ரிப்போர்ட்’ வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் (ரெஜிமெண்டுக்குள் அடங்கிய சிறு படைப்பிரிவு) தினமும் எழுதியது. இது வருகைப்பதிவேடு அல்ல. முந்தைய நாளிலிருந்து மாறியவர்கள் பெயர் மட்டுமே வரும்: புதிதாக வந்தவர், மாற்றலானவர், பதவி உயர்ந்தவர், காயம்பட்டவர், சொல்லாமல் போனவர். பெயர், எண், பதவி, பிறகு ‘டியூட்டியிலிருந்து ஆப்சென்ட் சிக்’ (பணியிலிருந்தவர் நோயால் வரவில்லை) என்பது போன்ற குறிப்பின் சுருக்கெழுத்து. நலமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பல மாதம் பெயரே வராமல் இருப்பார். ஆகவே ரெஜிமெண்ட் பெயரோடு நிற்காமல் கம்பெனி எழுத்து (ஏ, பி போன்றது), மாதம் வரை தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிட எளிய வழி: அன்று திரும்பியவர்கள் பலர் விடுவிப்புத் தாளைத் தம் கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகத்தில் பதிந்து வைத்தார்கள். அங்கே ஒரு கடிதம் போடுங்கள். 53-55-இன் பின்பக்கத்தில் போர்க்களம், பதக்கம், இழந்த நாட்கள் எல்லாம் இருக்கும். முன்னாள் படைவீரர் நலத்துறையில் சலுகை வாங்கியிருந்தால் அங்கே தனிக் கோப்பு உண்டு. தீயில் மாட்டாதது அது.

பதில் 3 – குகைவாசி

சிவில் வேலைக்குத் தனியாக எழுதுங்கள், ராணுவப் படிவத்தில் சேர்க்க வேண்டாம். 1952-க்கு முன் மத்திய அரசுப் பணி முடிந்திருந்தால் கோப்பு செயின்ட் லூயிஸ் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கும். பணியிலிருந்தபோது பயன்படுத்திய முழுப்பெயர், பிறந்த தேதி, துறை, ஊர், ஏறக்குறைய ஆண்டுகள் போதும். “கடற்படை” என்று பொதுவாக எழுதினால் படைவீரர் கோப்பில் தேடப் போய்விடுவார்கள். “கடற்படைத் தளத்தின் சிவில் ஊழியர்” என்றே எழுதுங்கள். 1952-க்குப் பிந்தையவை இல்லினாய்ஸின் வால்மேயரில், சுண்ணாம்புக்கல் குகைக்குள். அங்கே விதிகள் வேறு.

கோப்புத்தேடி

நன்றி. ராணுவ எண் தெரியவில்லை. ஏஏடி தளத்தில் (அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தரவுத்தளம்) பெயரைப் போட்டுப் பார்த்தோம், வரவில்லை.

காலைஅறிக்கை

அந்தத் தளத்தில் சுமார் 90 லட்சம் சேர்க்கைப் பதிவுகள் இருக்கின்றன. சேர்க்கை விவரங்களைத் துளைகளாகப் பதிந்த துளையட்டைகளை மைக்ரோஃபிலிம் எடுத்து, அதை இயந்திரம் படித்த தரவு. எழுத்துகள் சிதைந்திருக்கும், சில அட்டைகள் விட்டும் போயிருக்கும். பெயரை விட்டுவிட்டு மாநிலம், கவுண்ட்டி, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், சேர்ந்த ஆண்டு, இவற்றைக் கொடுத்து வரும் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்.

எண்ணை வைத்தும் சரிபார்க்கலாம். கட்டாயச் சேர்க்கைக்கு முதல் இலக்கம் 3, தாமாகச் சேர்ந்தவர்களுக்கு 1. இரண்டாவது இலக்கம் வட்டாரம், பென்சில்வேனியாவுக்கு 3. 18 முதல் 37 வயதினர் தாமாகச் சேர்வது 1942 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டதால், அவர் எண் பெரும்பாலும் 33-இல் தொடங்கும் எட்டு இலக்கமாக இருக்கும். பெயர் ஒத்துப்போய் எண் 32 என்று தொடங்கினால், அவர் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் சேர்க்கப்பட்டவர். ஊரையும் பிறந்த ஆண்டையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு எண்ணை 13075-இல் எழுதுங்கள்.