ஜிம்ப், விஎல்சி: போலி டவுன்லோட் தளங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவது?

லேப்_டீச்சர்:
பள்ளி லேபில் எல்லாக் கணினியிலும் படம் திருத்தும் ஜிம்ப்பும் வீடியோ பார்க்கும் விஎல்சியும் நானே போட்டு வைத்திருக்கிறேன். பிரச்சினை வீட்டில்தான். பிள்ளைகள் கூகுளில் 'ஜிம்ப் டவுன்லோட்' என்று தேடி, முதலில் வருவதைத் தட்டிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். ஜிம்ப் இருக்கிறது, ஆனால் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிப்போய், யாரும் கேட்காத ஒரு 'பிசி கிளீனர்' ஓயாமல் பணம் கட்டச் சொல்கிறது. இதைச் சட்டப்படி தடுக்க முடியாதா? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்வது?

பென்குயின்_சேலம்:
மறுபகிர்வைத் தடுக்க முடியாது டீச்சர். ஜிம்ப்பும் விஎல்சியும் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருபவை. யாரும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், காசுகூட வாங்கலாம். அந்தச் சுதந்திரம் இருக்கத்தான் வேண்டும். பெயரையும் சின்னத்தையும் காட்டி ஏமாற்றினால் வர்த்தகக் குறி வழியே எதிர்க்கலாம், ஆனால் இவற்றை உருவாக்கும் தன்னார்வலர்கள் எத்தனை வழக்கு நடத்துவார்கள்?

பெரிய தளம் என்றாலும் நம்பிவிட முடியாது. ஜிம்ப்பின் விண்டோஸ் கோப்பு முன்பு சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற டவுன்லோட் தளத்தில்தான் இருந்தது. ஏமாற்றும் டவுன்லோட் பட்டன்கள், கூடவே விளம்பர மென்பொருளைத் திணிக்கும் இன்ஸ்டாலர் என்று ஆனதும் 2013-இல் ஜிம்ப் வெளியேறியது. 2015-இல் அந்தத் தளம் ஜிம்ப்பின் பழைய பக்கத்தைத் தானே எடுத்து நடத்தி, அதிலும் அதே இன்ஸ்டாலரை வைத்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. 2016-இல் நிர்வாகம் கைமாறிய பிறகுதான் அந்த இன்ஸ்டாலர் திட்டம் நின்றது.

குறள்_கோடர்:
பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: தேடலில் 'ஸ்பான்சர்ட்' (விளம்பரம்) என்று வருவதைத் தொடவே கூடாது. 'முகவரியைப் பார்த்து கிளிக் செய்' என்பது மட்டும் போதாது. 2022-இல் வந்த ஒரு விளம்பரத்தில் ஜிம்ப்பின் உண்மையான முகவரியே தெரிந்தது. தட்டினால் 'கிலிம்ப்' என்ற போலிக்குப் போனது. 2023-இல் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் மென்பொருள் விஷயம் இன்னும் மோசம். போலி முகவரியின் முதல் எழுத்தான 'கே'-யின் அடியில் கால்புள்ளி மாதிரி ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான் வித்தியாசம். திரையில் தூசி என்றே நினைப்போம்.

அதனால் சரியான முகவரிகளை நோட்டில் எழுத வைத்து, பார்த்து டைப் செய்யச் சொல்லுங்கள். ஜிம்ப்புக்கு ஜிம்ப் டாட் ஓஆர்ஜி, விஎல்சிக்கு விடியோலேன் டாட் ஓஆர்ஜி. விண்டோஸில் இறக்கிய விஎல்சி கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பகுதியில் 'விடியோலேன்' பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஹாஷ், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எழுத்துத் தொடர், அதைச் சரிபார்ப்பதும் நல்லதுதான், ஆனால் போலித் தளம் தன் கோப்புக்கு ஏற்ற ஹாஷையே போட்டு வைக்கும். அதனால் முகவரிதான் முதலில்.

லேப்_டீச்சர்:
நன்றி இருவருக்கும். நோட்டில் எழுத வைப்பது நாளைக்கே செய்கிறேன். அந்த லேப்டாப்பில் ஜிம்ப்பை மட்டும் நீக்கினால் போதுமா?

பென்குயின்_சேலம்:
போதாது. கூட வேறென்ன வந்தது என்று நமக்குத் தெரியாது. படங்களையும் பாடக் கோப்புகளையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அப்புறம், அதில் லாகின் செய்திருந்த மெயில், வங்கிக் கடவுச்சொற்களை வேறு ஒரு கணினியிலிருந்து இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். அவள் அப்பா அம்மாவும் அதே லேப்டாப்பைத்தான் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள்.