புதிதாக வருகிறவர்களை எப்படி வரவேற்பது? யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் ஓர் எபிஸ்கோப்பல் சபைக்குப் போகிறோம்; இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கச் சபை இது. ஊரில் சி.எஸ்.ஐ. அதுவும் 1947-ல் ஆங்கிலிக்கன்களும் வேறு சில சபையாரும் சேர்ந்து உண்டான சபைதானே, அதனால் ஆராதனை முறை அந்நியமாகத் தெரியவில்லை. இப்போது புதியவர்களை வரவேற்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன ஞாயிறு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தார். ஒரு கையில் 1979 ஜெபப் புத்தகம், மடியில் 1982 பாட்டுப் புத்தகம், தோளில் குழந்தை. பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். திருவிருந்துக்கு அவர் எழவே இல்லை. ஞானஸ்நானம் பெற்ற யாரும் வாங்கலாம். வேண்டாமென்றால் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால் ஆயர் ஆசீர்வதிப்பார். பக்கத்தில் இருந்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். காபிக்கும் நிற்காமல் போய்விட்டார். வாசலில் ‘எபிஸ்கோப்பல் சபை உங்களை வரவேற்கிறது’ என்ற பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது!

இந்த வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். புதியவர்களை எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்லலாமா? எனக்கென்றால் கூசும். அப்புறம், ஊரிலிருந்து சபை மாற்றக் கடிதத்தோடு வருகிறவர்களை யாரோடு சேர்த்துவிடுவீர்கள்? முக்கியமாக, அந்தப் பெண் வருகைச் சீட்டில் போன் நம்பர் எழுதியிருக்கிறார். இந்த வாரமே கூப்பிடலாமா, இல்லை துரத்துகிற மாதிரி இருக்குமா?