படைத்துறையில் ‘ஸ்டாப்-லாஸ்’: ‘இழப்புத் தடுப்பு’ வேண்டாம், ‘விடுவிப்புத் தடை’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒப்பந்தம் முடிந்த வீரரை அரசு ஆணையால் விலகவிடாமல் பணியிலேயே நிறுத்திவைப்பதை அமெரிக்கப் படைத்துறையில் ‘ஸ்டாப்-லாஸ்’ என்பார்கள். அதற்கு ஈடான தமிழ்ச் சொல் கேட்டு நம் குழுவில் ஒரு வாரமாக வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். ‘இழப்புத் தடுப்பு’ பெரும்பாலோரின் ஆதரவைப் பெற்று, நம் கலைச்சொல் பட்டியலில் ஏறும் நிலையில் இருக்கிறது. அதற்கு முன் என் மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பொருள் விளங்காத கலைச்சொல்லைக் கூட விளக்கம் எழுதிக் காப்பாற்றிவிடலாம். இந்தச் சொல் தவறான பொருளை வெகு தெளிவாக உணர்த்துகிறது; அதைக் காப்பாற்ற வழியில்லை.

பங்குச் சந்தையில் ஒரு ‘ஸ்டாப் லாஸ்’ இருக்கிறது. விலை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கினால் பங்கை விற்றுவிடும்படி முன்கூட்டியே கொடுத்துவைக்கும் ஆணை அது. இழப்புத் தடுப்பு என்றதும் வணிகப் பக்கம் படிப்பவர் அங்கேதான் போவார். அதுகூடப் பெரிதில்லை. போர் பற்றிய கட்டுரையில் ‘இழப்பு’ என்று எழுதினால் தமிழில் அது உயிரிழப்புதான். ‘ஈராக் செல்லும் படைப்பிரிவுக்கு இழப்புத் தடுப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டது’ என்ற செய்தியைப் படிப்பவர் என்ன நினைப்பார்? வீரர்களின் உயிரைக் காக்க ஏதோ நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைப்பார். நடந்ததோ, ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவரைப் போர்க்களத்துக்கு அனுப்பியது.

ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘லாஸ்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். படையின் ஆள் கணக்கில் புதிதாகச் சேருபவர் வரவு, ஒப்பந்தம் முடிந்தோ ஓய்வு பெற்றோ வெளியேறுபவர் கழிவு. அந்தக் கழிவைத்தான் ‘லாஸ்’ என்று எழுதுகிறார்கள். இது முழுக்க முழுக்கக் கணக்கரின் பார்வை. வெளியேறும் ஆளுக்கு அது இழப்பே இல்லை, அவர் நாள் எண்ணிக் காத்திருந்த ஒன்று. அந்தப் பேரேட்டுப் பார்வையை நாம் ஏன் தமிழுக்குள் சுமந்துவர வேண்டும்?

இனி, நடைமுறையில் நடந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 12305ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சேமப்படையினர் பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும் காலத்தில், நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதவர் என்று அதிபர் கருதும் எந்தப் படையினருக்கும், பதவி உயர்வு, ஓய்வு, பணியிலிருந்து பிரிதல் ஆகியவை பற்றிய சட்டங்களை அவர் நிறுத்திவைக்கலாம் என்கிறது அது. 1990இல் வளைகுடாப் போருக்குப் படை திரட்டியபோது இந்த அதிகாரம் கையில் எடுக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் படைகளை அனுப்பிய ஆண்டுகளில்தான் அது சாதாரண வீரரின் குடும்பம் வரை தெரிந்த சொல்லாயிற்று.

தரைப்படை அதை முழுப் படைப்பிரிவுகளுக்கும் பொருத்தியது. பிரிவு வெளிநாடு புறப்படுவதற்கு 90 நாள் முன்பிருந்து, திரும்பி வந்த 90 நாள் பின்வரை, அந்தப் பிரிவில் இருந்த எவரும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று விலக முடியவில்லை. ஓராண்டுப் போர்ப்பணி என்றால் ஒருவர் மொத்தம் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகச் சிக்கிக்கொள்ள நேர்ந்தது. 2007இல் போர்ப்பணியையே 15 மாதம் ஆக்கினார்கள். அப்போது கணக்கு ஒன்றே முக்கால் ஆண்டானது.

ஒரேகான் மாநிலத் தேசியக் காவல்படையின் சார்ஜென்ட் ஒருவருடைய வழக்கை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. அவருடைய எட்டாண்டு ஒப்பந்தம் 2004 ஜூனில் முடிய இருந்தது. அவரை விடவில்லை. ஆவணத்தில் அவருக்குப் புதிதாகக் குறித்த விடுவிப்பு நாள் 2031 டிசம்பர் 24. நிர்வாக வசதிக்காகப் போட்ட தேதி அது என்று படைத்தரப்பு விளக்கம் சொன்னது. அவர் நீதிமன்றம் போனார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தத் தேதியை நான் முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். இந்த நடைமுறைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அந்த மனிதரை ஒருகணமாவது மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பரிந்துரை, ‘பணி நீட்டிப்பு’. தமிழ்ச் செய்தித்தாளில் பணி நீட்டிப்பு யாருக்குக் கிடைக்கிறது? ஓய்வு பெறப்போகும் உயர் அதிகாரிக்கு. அது கேட்டுப் பெறுவது, பலர் பொறாமைப்படும் சலுகை. அதே சொல்லை இங்கே போட்டால் வீரருக்கு அரசு ஏதோ கருணை காட்டியதாகிவிடும். இதனால்தான் ஒரு நண்பர் முன்னால் ‘கட்டாய’ சேர்த்து, பின்னால் ‘நீட்சி’ என்று மாற்றி, ‘கட்டாயப் பணி நீட்சி’ என்றார். கட்டாயம் சேர்த்தது சரி. நீட்சிதான் எனக்கு உறுத்துகிறது. நீளுவது நீட்சி, நீட்டுவது நீட்டிப்பு. நிழல் நீள்வதுபோலப் பணிக்காலம் தானாக நீளவில்லை. ஒருவர் கையெழுத்திட்டு நீட்டினார். தமிழ் இந்த இரண்டையும் இவ்வளவு அழகாகப் பிரித்து வைத்திருக்கும்போது, செய்தவரை மறைக்கும் வடிவத்தை நாம் எடுக்க வேண்டாம்.

‘கொல்லைப்புற ஆள்சேர்ப்பு’ என்ற பரிந்துரை ஜான் கெர்ரி 2004 அதிபர் தேர்தல் பரப்புரையில் சொன்னதைத் தழுவியது. மேடைக்கு நல்ல சொல், அகராதிக்கு ஆகாது. அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973லேயே நின்றுவிட்டது. இவர்கள் தாமாகக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவர்கள். சேரும்போது கட்டாயம் இல்லை, விலகும்போதுதான் கட்டாயம் வருகிறது. தவிரவும், ‘கட்டாய ஆட்சேர்ப்பு’ என்ற தொடர் ஈழத்து வாசகர் மனத்தில் எழுப்பும் நினைவுகள் வேறு. அவற்றின் மேல் இன்னொரு பொருளைக் கொண்டுபோய் ஏற்றுவது முறையல்ல.

பழைய இலக்கியத்தில் தோய்ந்த அம்மையார் ஒருவர் ‘பாசறை நிலை’ என்றார். அதைப் படித்து மகிழ்ந்தேன், பிறகு வெகுநேரம் யோசித்தேன். புறப்பொருள் இலக்கணத்தில் அது வஞ்சித் திணையின் துறைகளில் ஒன்று: பகை மன்னர் பணிந்த பிறகும் வேந்தன் தன் ஊருக்குத் திரும்பாமல் பாசறையிலேயே இருப்பது. முல்லைப் பாடல்களிலும், கார்காலம் வந்தும் தலைவன் திரும்பவில்லை, வேந்தன் வினை முடியவில்லை, தலைவி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வாக்களித்த பருவம் கடந்துபோகும் வேதனையை நம் மொழி நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஆனால் அந்த வீரனிடம் முடிவுநாள் எழுதிய ஒப்பந்தம் இல்லை. வேந்தன் இருக்கச் சொன்னால் இருப்பான். ஒப்பந்தத்தில் நாள் குறித்துவிட்டு அந்த நாளைச் செல்லாததாக்குவதுதான் இங்கே புதியது. அம்மையார் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்தச் சொல்லை வேறொரு தேவைக்குச் சேமித்துவைப்போம்.

என் பரிந்துரை ‘விடுவிப்புத் தடை’.

‘விடுவிப்பு’ என்பதற்கு விளக்கவுரையே தேவைப்படாது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் ‘விடுவிப்பு ஆணை’ தெரியும். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, மாறுதல் ஆணை கையில் வந்தும் விடுவிப்பு ஆணை கிடைக்காமல் மூன்று மாதம் தவித்தேன். புதிய ஊரில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது; ‘மாற்று ஆள் வராமல் விடுவிக்க முடியாது’ என்பதே பதில். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நிற்பவரின் நிலையோடு அதை ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் போகலாம் என்று ஆன பிறகு போகவிடாமல் வைத்திருப்பதைத் தமிழ்நாட்டு அரசு ஊழியர் எந்தச் சொல்லால் பேசுகிறார் என்பதற்கு அது சான்று. மேற்சொன்ன சட்டப்பிரிவு நிறுத்திவைப்பதும் விடுவிப்பைத்தான்.

‘தடை’ என்றால் நிரந்தரம் என்ற தொனி வருகிறதே, சட்டம் ‘நிறுத்திவைத்தல்’ என்றுதானே சொல்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘விடுவிப்பு நிறுத்திவைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறுகிறது. அதோடு, தடை எல்லாம் நிரந்தரம் என்று தமிழர் எண்ணுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். தொடக்கமும் முடிவும் உள்ள தடை கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் பழக்கமானது. அதே வாய்பாட்டில் ‘விடுவிப்புத் தடைக்காலம்’ என்றால், முன்னே 90 நாளும் பின்னே 90 நாளும் கொண்ட அந்தக் காலப்பகுதிக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது.

‘விடுவிப்பு மறுப்பு’ என்று திருத்தலாமே என்றால், அதை ஏற்க முடியவில்லை. கேட்டவருக்குத்தான் மறுக்க முடியும். இந்த ஆணை ஒருவர் கேட்பதற்கு முன்பே பிரிவு முழுவதன் மேலும் விழுகிறது. எழுதும்போது ‘விடுப்புத் தடை’ ஆகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்; அது லீவு கொடுக்க மறுப்பதாகப் பொருள்படும். ‘விடுவிப்பு’ என்றால் சிறைவாசிகள், பிணைக்கைதிகள் நினைவுக்கு வரலாம் என்ற அச்சத்துக்கு, முதல்முறை ‘படைப்பணி விடுவிப்புத் தடை’ என்று முழுதாக எழுதிப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

சொல் குடும்பமாக வளர்கிறதா என்றும் சோதித்தேன். இதோடு சேர்த்தே பிறப்பிக்கப்பட்ட ‘ஸ்டாப்-மூவ்’, அதாவது ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போவதைத் தடுப்பது, ‘இடமாற்றத் தடை’ ஆகிவிடும். பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் 2009 மார்ச்சில் இந்த நடைமுறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தார். அப்போது தரைப்படையில் ஏறத்தாழ 13,000 பேர் ‘விடுவிப்புத் தடையில் இருந்தார்கள்’ என்று இடறாமல் எழுத முடிகிறது. அதே ஆண்டில் நாடாளுமன்றம், 2001 செப்டம்பர் 11 முதல் இவ்வாறு நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு, கூடுதலாகப் பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் வழங்கப் பணம் ஒதுக்கியது. அதை ‘விடுவிப்புத் தடை ஊதியம்’ எனலாம். ‘தடைப்படி’ என்று சுருக்கினால் தடைப்படுதல் என்று படித்துவிடுவார்கள், அது வேண்டாம்.

இங்கே ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். உலகில் நடக்கும் எல்லாக் கட்டாய நீட்டிப்புக்கும் இந்தச் சொல் பொருந்தாது. 1941 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை, ஓராண்டுக்கென்று எடுக்கப்பட்டவர்களின் சேவைக்காலத்தை மேலும் 18 மாதம் நீட்டும் சட்டத்தை 203க்கு 202 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அங்கே காலமே சட்டத்தால் மாறியது. ரஷ்யாவில் 2022 செப்டம்பரில் வந்த பகுதி அணிதிரட்டல் ஆணை, படையினரின் ஒப்பந்தங்கள் அந்த அணிதிரட்டல் முடியும்வரை செல்லும் என்றது. அங்கே நீண்டது ஒப்பந்தம். உக்ரைனில் 36 மாதம் பணியாற்றியவரை விடுவிக்கலாம் என்ற ஏற்பாடு 2024 சட்ட வரைவில் இருந்து, நிறைவேறும் முன் நீக்கப்பட்டது. அங்கே விடுவிப்பு நாளே குறிக்கப்படவில்லை. எனவே பொதுப்பெயராகக் ‘கட்டாயப் படைப்பணி நீட்டிப்பு’ இருக்கட்டும். அதன் கீழ் அமெரிக்க நடைமுறைக்குச் சிறப்புப் பெயராக ‘விடுவிப்புத் தடை’ வரட்டும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

விடுவிப்புத் தடை (பெயர்ச்சொல்): ஒப்பந்தக் காலம் முடிந்த அல்லது ஓய்வுக்குத் தகுதி பெற்ற படையினரை, அவர் இசைவின்றி, அரசு ஆணையால் பணியிலிருந்து விலகவிடாமல் நிறுத்திவைத்தல். ‘பிரிவு ஈராக்குக்குப் புறப்பட இருந்ததால் அவர் விடுவிப்புத் தடைக்கு உள்ளானார்.’

‘உள்ளானார்’ எனக்கு முழு நிறைவு தரவில்லை. அமெரிக்க வீரர்கள் இதைச் செயப்பாட்டு வினையாகவே புழங்குகிறார்கள், ஒரே சொல்லில். நம் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்: பட்டாளத்தில் தமிழ் வீரர்கள் தங்களுக்குள், ‘போக வேண்டிய ஆளைப் பிடித்து வைத்துவிட்டார்கள்’ என்பதை எப்படிச் சொல்வீர்கள்? அந்த வினைச்சொல் கிடைத்தால் பதிவைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அதுவரை ‘இழப்புத் தடுப்பு’ பட்டியலில் ஏற வேண்டாம்.