டேட்டாபேஸை மாற்றியபோது மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பைத்தானில் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். அடியில் எஸ்கியூலைட், ஒரே ஃபைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ். கடையில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததும், பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தோதான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றினேன். இரண்டுக்கும் பைத்தானின் டிபி-ஏபிஐ 2.0தானே பொது, எந்த டேட்டாபேஸோடும் ஒரே மாதிரி பேச 1999இலேயே எழுதிவைத்த தரம், பெரிதாக எதையும் தொட வேண்டியிருக்காது என்று நினைப்பு.

முதல் அடி சின்னது. டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில் மதிப்பு வந்து உட்காரும் இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன். போஸ்ட்கிரெஸோடு பைத்தானை இணைக்கும் சைகோபிஜிக்கு சதவீதக் குறியும் எஸ்ஸும் வேண்டுமாம். தரமே ஐந்து விதத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது! அரை மணி நேர வேலை.

அடுத்ததுதான் வலித்தது. விடியற்காலை நாலரைக்குக் கடைக்காரர் போன்: "தம்பி, பில்லே விழ மாட்டேங்குது, உசிலம்பட்டிக்காரங்க மல்லியோட நிக்கிறாங்க." ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரே எடைச் சீட்டு நம்பரை இரண்டு பேர் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி வந்தால், ஒரே நம்பர் இரண்டு முறை கூடாது என்று டேட்டாபேஸ் தடுக்கும் இன்டெக்ரிட்டி எரர் கிளம்பும். அதைப் பிடித்து ஒதுக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போகும்படி எழுதியிருந்தேன். எஸ்கியூலைட்டில் ஒரு வருஷம் ஜோராக ஓடியது. போஸ்ட்கிரெஸிலும் எரரின் பெயர் அதேதான். ஆனால் அங்கே ஒரு வரி தப்பினால், ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் வேலைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷனே முடங்கிப்போகும். ரோல்பேக் செய்து அந்தத் தொகுப்பைக் கைவிடும்வரை எதைக் கேட்டாலும் முடியாது என்றுதான் பதில். அன்றைக்கு மொத்தமும் கைச்சீட்டு. மொட்டு விரிந்தால் விலை போச்சு, என்னைப் பார்த்து முறைக்காத ஆள் இல்லை.

மத்தியானம் கட்டளையில் 'ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங்' (மோதினால் சும்மா விட்டுவிடு) சேர்த்தேன், தீர்ந்தது. கனெக்‌ஷன், கட்டளை அனுப்பிப் பதில் வாங்கும் கர்சர், எரர் பெயர்கள், இவ்வளவுக்குப் பொதுத் தரம் போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் பொதுவாக்கினால் நம்மைத் தூங்க வைத்துவிடும். உங்களுக்கு எப்படி?

திருமங்கலத்திலிருந்து:
நமக்கு பிஹெச்பி மொழி. அதில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கென்று இருந்த பழைய ஃபங்ஷன்களை 2015இல் 7.0 பதிப்போடு தூக்கிவிட்டார்களே, அப்போது ஒரு வாடகைப் பாத்திரக் கடை மென்பொருளை பல டேட்டாபேஸ்களுக்கும் பொதுவான பிடிஓவுக்கு மாற்றினேன். பின்னால் போஸ்ட்கிரெஸுக்கும் போனேன். பிடிஓ நாம் எழுதும் எஸ்கியூஎல் கட்டளையைத் திருத்தாது, அப்படியே அனுப்பிவிடும். ராஜா என்ற பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தேடினால் மைஎஸ்கியூஎல் கொடுத்தது, போஸ்ட்கிரெஸ் ஆளே இல்லை என்றது. தேடும் கட்டளையில் லைக்கை, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காத ஐலைக் ஆக்கினேன். தமிழில் பெயர் ஏற்றியிருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வம்பே வந்திருக்காது.

செல்லூரிலிருந்து:
தம்பி சொல்வது பாதிதான் சரி. அந்த ஐந்து விதம் எதற்கு? அதையாவது ஒன்றாக்கியிருக்கலாம். நான் பெர்ல் காலத்து ஆள். டேட்டாபேஸோடு பேச பெர்லில் இருக்கும் டிபிஐயில் பொதுவானது எல்லாருக்கும் ஒன்று. ஒரு டேட்டாபேஸின் டிரைவருக்கென்று (இணைப்பு மென்பொருளுக்கென்று) தனியாக ஏதாவது இருந்தால் பெயருக்கு முன்னால் பிஜி, மைஎஸ்கியூஎல் என்று ஒட்டு இருக்கும். கோடைத் திறந்து அந்த ஒட்டைத் தேடினாலே மாற்றும்போது எங்கெல்லாம் கை வைக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் டிரான்சாக்‌ஷன் கோளாறு மட்டும் அதிலும் அகப்பட்டிருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன்.